பசித்த புறாவும் ஊக்கத்தொகையும்

உணவு விநியோகச் செயலிகளும் வாடகைக் கார் செயலிகளும் தங்களுக்காக உழைப்பவர்களைத் தொழிலாளி என்று அழைப்பதில்லை. ‘பார்ட்னர்’ என்று அழைக்கின்றன. ஊதியம் என்ற சொல்லையும் அவை தவிர்க்கின்றன. ஒரு ஆர்டருக்கு இவ்வளவு, மழை பெய்தால் இவ்வளவு, நள்ளிரவு வரை ஓட்டினால் இவ்வளவு என்று வருமானம் பல துண்டுகளாக உடைக்கப்பட்டு, ‘இன்சென்டிவ்’ என்ற பெயரில் வழங்கப்படுகிறது. இது வெறும் பெயர் மாற்றம் அல்ல. இதன் இயக்கத்தைப் புரிந்துகொள்ள உளவியல் ஆய்வுக்கூடம் ஒன்றை எட்டிப் பார்ப்பது பயன்தரும்.

அமெரிக்க உளவியலாளர்கள் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் பி.எஃப். ஸ்கின்னரும் 1957இல் வலுவூட்டல் அட்டவணைகள் குறித்து ஒரு பெரும் நூலை வெளியிட்டனர். பெட்டிக்குள் அடைக்கப்பட்ட புறா ஒரு வில்லையைக் கொத்துகிறது, தானியம் கிடைக்கிறது. ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் தர வேண்டியதில்லை. எப்போது தருகிறோம் என்பதே புறாவின் வேகத்தையும் விடாமுயற்சியையும் தீர்மானிக்கிறது என்பதை அவர்கள் விரிவாகப் பதிவு செய்தனர். அட்டவணைகளில் அடிப்படையானவை நான்கு: நிலை விகிதம், மாறு விகிதம், நிலை இடைவெளி, மாறு இடைவெளி.

குறிப்பிட்ட எண்ணிக்கை முடிந்ததும் கூலி என்பது நிலை விகிதம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற பீஸ்ரேட் முறை இதுவே. ஸ்கின்னரே பீஸ்ரேட் கூலியை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். இதில் வேகம் அதிகம். ஆனால் கூலி கைக்கு வந்ததும் சற்று ஓய்வு தலைகாட்டும். மாறு விகிதத்தில் அந்த ஓய்வும் அநேகமாக மறைந்துவிடுகிறது. அடுத்த பரிசு எத்தனையாவது முயற்சியில் வரும் என்று தெரியாததால் புறா கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்ட இயந்திரத்தின் முன் மனிதரை உட்கார வைப்பதும் இதே விதிதான். அடுத்த ஆர்டர் லாபமானதா, வெறுங்கையாய்த் திரும்ப வேண்டியதா என்று அறியாமல் கைபேசித் திரையைப் பார்த்தபடி சாலையோரம் காத்திருக்கும் இளைஞரின் நிலை இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. செயலியை வடிவமைத்தவர் ஸ்கின்னரைப் படித்தாரா என்பது இங்கே கேள்வி அல்ல. இயங்கும் முறை ஒன்றுதான் என்பதே செய்தி.

இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. தொடக்கத்தில் தாராளமாகத் தானியம் தந்து, பிறகு சிறிது சிறிதாகக் குறைத்தால், முன்பைவிடக் குறைந்த தானியத்துக்கு முன்பைவிட அதிகமாகக் கொத்தும்படி புறாவைப் பழக்க முடியும். தொடக்க ஆண்டுகளில் ஊக்கத்தொகையை அள்ளித் தந்த கார் செயலி நிறுவனங்கள் பின்னர் அதை வெட்டின. 2017 பிப்ரவரியில் தில்லி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 2023 ஏப்ரலில் தில்லி வட்டாரத்தில் பிளிங்கிட் ஊழியர்கள் வேலையை நிறுத்தியதற்குக் காரணம், ஒரு டெலிவரிக்கு 25 ரூபாயாக இருந்த அடிப்படைத் தொகை 15 ரூபாயாகக் குறைக்கப்பட்டு, மீதி தூரத்தோடு இணைக்கப்பட்டதே.

ஆயினும் அட்டவணை மட்டுமே எல்லாவற்றையும் செய்துவிடுவதில்லை. இந்தச் சோதனைகளில் புறாக்களின் உடல் எடை, வயிறார உண்ணும்போது இருக்கும் எடையில் சுமார் 80 சதவீதத்துக்குக் குறைக்கப்பட்டிருக்கும். வயிறு நிறைந்த புறா தானியத்துக்காகக் கொத்தாது. அதாவது, அட்டவணைக்கு முந்தையது பசி. அந்தப் பசியைச் சோதனையாளரே ஏற்பாடு செய்கிறார். உளவியல் பாடம் மெல்லக் கடந்து செல்லும் இந்த இடத்தில்தான் அரசியல் பொருளாதாரம் தொடங்குகிறது.

பீஸ்ரேட் கூலி என்பது நேரக்கூலியின் மாற்று வடிவமே என்றும், வேலையின் தீவிரத்தை அந்தக் கூலி வடிவமே கட்டுப்படுத்துவதால் மேற்பார்வை பெருமளவு தேவையற்றதாகிறது என்றும் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் விளக்கினார். செயலி அந்த மேற்பார்வையாளனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டது. “விரும்பினால் வேலை, இல்லையேல் செயலியை அணைத்துவிடலாம், இதில் கட்டாயம் எங்கே?” என்று நிறுவனங்கள் கேட்கின்றன. பெட்டிக்குள் இருந்த புறாவையும் யாரும் கொத்தச் சொல்லி அடிக்கவில்லை. வேலையின்மையும், கடனில் வாங்கிய வண்டியின் மாதத் தவணையும், வீட்டு வாடகையும் அந்தக் கட்டாயத்தைச் செய்து முடித்துவிடுகின்றன.

இத்தகைய தொழிலாளர்கள் 2020-21இல் 77 லட்சம் பேர் என்றும், 2029-30இல் 2.35 கோடியாக உயர்வார்கள் என்றும் நிதி ஆயோக் 2022இல் மதிப்பிட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்போ இவர்களை மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே நிறுத்துகிறது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நிதியாகச் செலுத்த வேண்டும் என்கிறது. குறைந்தபட்ச ஊதியத்துக்கு வழி செய்யவில்லை. ராஜஸ்தானின் 2023 சட்டம் நல வாரியத்தைக் கொண்டுவந்தது. கர்நாடகத்தின் 2025 சட்டம் தானியங்கிக் கண்காணிப்பிலும் முடிவெடுப்பிலும் வெளிப்படைத்தன்மையைக் கோருகிறது. இவை போராடிப் பெற்ற முன்னேற்றங்களே. ஆனால் இரண்டும் ஊதியத்துக்கு அடித்தளம் அமைக்கவில்லை.

எனவே, ஊக்கத்தொகையைக் கூட்டித் தருமாறு கேட்பதோடு சங்கங்கள் நின்றுவிட முடியாது. கூட்டித் தரும் கை நாளையே குறைக்கும். செயலியில் இணைந்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும், காத்திருக்கும் நேரம் உட்பட, சட்டபூர்வமான குறைந்தபட்ச ஊதியம் வேண்டும். கூலி விதியை மாற்றுமுன் சங்கத்தோடு பேச வேண்டும். காரணம் கூறாமல் கணக்கை முடக்கக் கூடாது. ஊக்கத்தொகை இவற்றுக்கு மேலே வரட்டும். இவற்றுக்குப் பதிலாக வரக் கூடாது.

ஸ்கின்னரின் பெட்டியில் ஒரு நேரத்தில் ஒரு புறாதான் இருந்தது. செயலியும் ஒவ்வொரு தொழிலாளியையும் தனித்தனித் திரையில் அடைத்து வைக்கிறது. புறாவால் பக்கத்துப் பெட்டியில் இருப்பதோடு பேச முடியாது, தொழிலாளியால் முடியும். உணவகத்தின் வாசலிலும் கிடங்கின் முன்பும் வண்டிகளோடு கூடி நிற்பவர்களைத் தேடிச் சென்று அந்தப் பேச்சைத் தொடங்கி வைப்பது நம் பணி.