மருந்தை நிறுத்தலாகாது

பெங்களூருக்குப் பிழைக்க வந்த குடும்பத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் வேலைக்குப் போக மறுக்கிறான், குளிப்பதில்லை, யாரோ காதில் பேசுவதாகச் சொல்கிறான், தாய் போடும் சோற்றில் விஷம் என்கிறான். உடனே நடப்பது என்ன? ஊருக்கு ரயில் ஏற்றிவிடுகிறார்கள். காற்று கருப்பு என்று மந்திரிப்பதில் ஆறு மாதம் போகிறது. ஓசூர் ரோட்டில் நிமான்ஸ் ஆஸ்பத்திரி இருந்தும் இந்த நிலை!

இது பேயுமல்ல, வளர்ப்பின் குற்றமுமல்ல. மனச்சிதைவு என்னும் நோய். உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 1952-ல் பிரான்சில் குளோர்புரோமசின் பயனுக்கு வந்த பிறகு மருந்துகள் பல வந்துவிட்டன. குரல்களும் சந்தேகமும் பெரும்பாலோருக்கு அடங்குகின்றன. ஆனால் சற்றுத் தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், நோய் திரும்புகிறது. மாத்திரை விழுங்க மறுப்பவருக்கு மாதம் ஒரு முறை போடும் ஊசியும் உண்டு. நடுக்கம், உடல் விறைப்பு, எடை கூடுதல் கண்டால் டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக் கொள்ளலாம், தாமாக நிறுத்தலாகாது.

மனநோய்ப் பிரிவு நர்சுகளிடம் வீட்டார் கற்க வேண்டியது நிறைய. குரல் கேட்கிறது என்பவரோடு அவர்கள் வாதாடுவதில்லை, ஆமாம் போடுவதுமில்லை. பயமாக இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள். மாத்திரை நாக்கடியில் ஒளிகிறதா, தூக்கம் குறைகிறதா என்று பார்க்கிறார்கள். தூக்கம் கெடுவதே பல சமயம் நோய் திரும்புவதன் முதல் அடையாளம். செத்துப்போகிறேன் என்று நோயாளி சொன்னால் அதை வெறும் பேச்சென்று அவர்கள் விடுவதில்லை.

கட்டிப் போடுவது வைத்தியமல்ல. 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்ததால் ஓட வழியின்றி 28 நோயாளிகள் மாண்டனர். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியை அறவே தடை செய்திருக்கிறது.

வேலை போய்விடுமே என்று நோயை மறைக்கிறவர்கள் உண்டு. பயம் நியாயமானதே. ஆனால் ஈ.எஸ்.ஐ. திட்டத்தின் நீண்டகால நோய்ப் பட்டியலில் மனச்சிதைவும் இருக்கிறது. போதிய காலம் சந்தா கட்டிய தொழிலாளிக்கு 2 ஆண்டு வரை கூலியில் 80 சதவீதம் கிடைக்க வழியுண்டு. ஆலைகளில் உள்ள தொழிற்சங்கங்கள் இதை எடுத்துச் சொன்னாலென்ன?

ஊருக்கு அழைத்துப் போவதானால் ஆஸ்பத்திரிச் சீட்டும் ஒரு மாத மருந்தும் கையோடு போகட்டும். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மூலம் சிகிச்சையைத் தொடரலாம். ஒரு மாநிலத்துச் சீட்டைப் பார்த்து மறு மாநிலத்தில் தடையின்றி மருந்து வழங்க இரு அரசுகளும் ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை எங்கே போவதென்று தெரியாதவர்கள் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே கேட்கலாம்.