வாசலில் நின்று வணங்கும் ஆங்கிலம்

முப்பது நாளில் ஆங்கிலம்! மூன்று மாதத்தில் ஆங்கிலம்! இலக்கணமே இன்றி ஆங்கிலம்! சிலாபம் தொட்டுக் கற்பிட்டி வரை இந்தக் கூவலுக்குக் குறைவில்லை. உடப்பிலே கரைவலை இழுக்கும் குடும்பமும், கற்பிட்டி மணலிலே வெங்காயப் பாத்திக்கு நீர் இறைக்கும் கமக்காரனும் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டித் தம் பிள்ளைகளை இவ்வகுப்புகளுக்கு அனுப்புகின்றனர். அனுப்பட்டும். ஆங்கிலத்தோடு எமக்குப் பகையில்லை. அங்கே கற்பிக்கப்படுவது எந்த ஆங்கிலம் என்பதே எமது வினா.

அந்த வகுப்புப் புத்தகங்களுள் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். ‘குட் மோர்னிங், சேர்’, ‘மே ஐ கம் இன், சேர்’, ‘சொறி, சேர்’, ‘தாங்க் யூ, சேர்’! பக்கத்துக்குப் பக்கம் ஒரு சேர் வீற்றிருக்கிறார். எம் பிள்ளை வாசலில் நிற்கிறான். உல்லாசப் பயணிக்குத் தேநீர் நீட்டவும் ஓங்கில் பார்க்கப் படகேற்றவும் இது போதும். அத்தொழிலை நாம் இழிவாகக் கருதவில்லை. ஆயினும், அதற்கு மேல் இவனுக்கு எதுவும் வேண்டாமென்று தீர்மானித்தவர் யார்?

‘மே’ என்னும் சிறு சொல்லையே எடுத்துக்கொள்வோம். வகுப்பிலே அது அனுமதி இரக்கும் சொல். சட்டத்தாளிலோ, பெரும்பாலும் அது அதிகாரிக்கு உரிய விருப்புரிமை. செய்யலாம், செய்யாதும் விடலாம். அதன் பக்கத்தில் நிற்கும் ‘ஷல்’ என்பது கடமை, செய்தே தீரவேண்டும். தமக்கு வந்த கடிதத்தில் இருப்பது மேயா, ஷல்லா என்று காணத் தெரிந்த கமக்காரன் கந்தோரில் எப்படிப் பேசவேண்டுமென்று தானே அறிவான். இதனை எந்த முப்பது நாட் புத்தகம் கற்பிக்கிறது?

பிணைக் கையொப்பத்தைப் பாருங்கள். அயலவன் இயந்திரப் படகுக்குக் கடன் எடுக்கிறான்; மைத்துனன் முறைக்காக இவன் ஒப்பமிடுகிறான். எமது நாட்டில் வழங்கும் உரோம-ஒல்லாந்துச் சட்டம் பிணையாளிக்கு ஓர் அரணை அளித்திருக்கிறது: முதலில் கடனாளியிடம் அறவிடு, கிடையாவிட்டால் என்னிடம் வா என்று அவன் கூறலாம். பலர் பிணைநின்றால், என் பங்குக்கு மேல் கேளாதே என்றும் கூறலாம். ஆனால், வழக்கமான பிணைப்பத்திரத்திலே இவ்விரு உரிமைகளையும் கைவிடுகிறேன் என்றொரு வரி, பொடி எழுத்தில், இலத்தீனும் ஆங்கிலமும் கலந்து கிடக்கும். ஒப்பமிட்டவன் வீட்டை இழக்கும் நிலை வரும்போதுதான் அந்த வரி பேசத் தொடங்கும்!

இக்கரைக்கு அந்நிய மொழி புதிதன்று. பறங்கி வந்தான்; மேசையும் சாவியும் அலமாரியும் தந்தான். ஒல்லாந்தன் வந்தான், 1667இல் கற்பிட்டியிலே கோட்டை எழுப்பத் தொடங்கினான். கந்தோர், நொத்தாரிசு, அப்புக்காத்து என்னும் சொற்கள் அவன் மொழியிலிருந்து வந்தவை. எம் முன்னோர் தமக்கு வேண்டிய அலுவற் சொற்களை எடுத்துக்கொண்டனர். தமிழை விற்று வாங்கவில்லை. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி ஆங்கிலம் கற்று என்ன செய்தார்? 1834இல் இலங்கையின் இடவிவரங்களைத் தொகுத்து ஆங்கிலத்தில் நூலாக்கினார். 1841இல் ‘உதயாதித்தன்’ என்னும் தமிழ் இதழை நடத்தினார். 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். ‘மே ஐ கம் இன்’ என்று கேட்டு நின்றவர் அல்லர் அவர்.

ஆங்கிலம் கற்றுவிட்டால் மொழிப் பிரச்சினையே தீர்ந்தது என்று எமக்குப் புத்தி கூறும் கனவான்களும் உளர். ‘அதுதானே இணைப்பு மொழி? தமிழிற் கடிதம் கேட்டுத் தொல்லைப்படுவானேன்?’ என்கின்றனர். நன்று! 1956இல் தனிச் சிங்களச் சட்டம் எம் வாயை அடைத்தது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. அங்கே இருப்பது ‘ஷல்’. 1988இல் பதினாறாம் திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாயுள்ள இடத்திலும் தமிழிலோ ஆங்கிலத்திலோ அலுவலரோடு கருமமாற்றவும் பதில் பெறவும் குடிமகனுக்கு உரிமை தந்தது. மொழிச் சிறுபான்மையினரின் விகிதத்தைக் கருத்திற்கொண்டு ஒரு பிரிவை இருமொழிப் பிரிவாக்கவும் வழி வைத்தது. வடமேல் மாகாணத்துப் புத்தளத்துக்கும் இச்சட்டமே. தமிழா, ஆங்கிலமா என்று தேரும் உரிமை குடிமகனுடையது, அலுவலருடையதன்று. அவ்வாறிருக்க, விளங்காத மொழியிற் கடிதம் வருகிறது. மேன்முறையீட்டுக்கு வைத்த நாள் கழிகிறது. குற்றம் மட்டும் ‘படியாத’ கமக்காரன் தலையில்! சிலாபத்துக்குத் தெற்கே, நீர்கொழும்பு வரை, பள்ளியிலும் கோயிலிலும் மொழி மாறியபின் ஊர்கள் எப்படித் தமிழை மறந்தன என்பதைக் கண்டபின்னும் இந்த உபதேசத்தை நாம் செவிமடுப்பதா?

படித்த பெருமக்களிடமும் ஒரு சொல். வழக்கறிஞர்களே, வங்கி அலுவலர்களே, ஆசிரியர்களே! தமிழ் பேசும் மக்கள், இந்துவாயினும் முஸ்லிமாயினும் கத்தோலிக்கராயினும், உங்கள் வாசலுக்கு வரும்போது தாளை வாங்கி, ‘இங்கே ஒப்பமிடு’ என்று விரலால் தொட்டுக் காட்டுகிறீர்களே, அதில் எழுதியிருப்பதை என்றாவது வாசித்துக் காட்டினீர்களா? மாதத்தில் ஒரு ஞாயிறு போதும். கோயில் மண்டபமோ பள்ளிவாசல் முற்றமோ எதுவாயினும் ஆகுக, கட்டணம் வேண்டாம். முதல் நாள் பிணைப்பத்திரத்தை வரிவரியாகப் பிரித்துப் படியுங்கள். அடுத்த நாள் ‘றிசீற்’, ‘டியூ டேற்’, ‘அப்பீல்’ என்னும் சொற்களைத் தமிழ்ப் பொருளோடு எழுதிக் கொடுங்கள். மூன்றாம் நாள் கந்தோரிலே நிமிர்ந்து நின்று சொல்ல ஓர் ஆங்கில வாக்கியம் பழக்குங்கள்: ‘ப்ளீஸ் கிவ் மீ திஸ் இன் ரமில்.’