பெயர் சொல்லாத வேட்டுவனும் விலைப்பட்டியல் வேட்டையும்

'வாழ்நாளில் ஒருமுறை' என்ற தொடர் மயிலாப்பூர் வீடுகளில் ஒரு காலத்தில் காசி யாத்திரைக்கே உரியதாக இருந்தது. பணம் சேர்த்து, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டுப் புறப்பட்டார்கள். இன்று அதே தொடர் தி. நகர்ப் பயண முகவர்களின் கண்ணாடிக் கதவுகளில் கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் எனக்கு மனக்குறை ஒன்றும் இல்லை. கென்யா 1977-இலேயே வேட்டையைத் தடைசெய்துவிட்ட நாடு; அங்கே போகிறவர் சிங்கத்தின் நிழற்படத்தோடு திரும்புவார், சிங்கம் அங்கேயே இருக்கும். நான் இங்கே எடுத்துக்கொள்வது அதே தொடரைச் சொல்லி விற்கப்படும் மற்றொரு பயணத்தை. துப்பாக்கியோடு போய்த் தலையோடு திரும்பும் பயணத்தை.

டெக்சஸில் குடியேறிவிட்ட என் பழைய மாணவர் ஒருவர், சென்னையிலிருந்து வரவிருக்கும் தம் மைத்துனரோடு அப்படி ஒரு பயணத்துக்குத் திட்டமிட்டிருப்பதாக எழுதியிருந்தார். விலைப்பட்டியலையும் இணைத்திருந்தார். மூன்று பகல், இரண்டு இரவு. தங்குமிடம், சாப்பாடு, வழிகாட்டி, ஜீப் எல்லாம் அடக்கம். ஆண் மான் ஒன்றுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் டாலர். தலையைப் பதப்படுத்திச் சுவரில் மாட்டத் தருவதற்குத் தனிக் கட்டணம். தென்னாப்பிரிக்காவுக்கோ நமீபியாவுக்கோ போவதானால் விமானக் கட்டணமே கையைக் கடித்துவிடும், இது நடுத்தர வர்க்கத்துக்கு எட்டுகிற வேட்டை என்று மகிழ்ந்திருந்தார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: சுவரில் மாட்டப்போகும் தலையின் கீழே பித்தளைத் தகட்டில் பொறிக்க, வேட்டையைப் பாடும் சங்கப் பாடல் அடி ஒன்று.

சுடப்போகும் விலங்கு வெளிமான்.

முடியாது என்று எழுதினேன். விரிவாக மறுமொழி வந்தது. வேட்டை நம் மரபு என்றார். வேட்டை எழுத்து நல்ல இலக்கியம் என்றார். வேட்டைக்காரன் தரும் காசுதான் இன்று விலங்குகளைக் காப்பாற்றுகிறது என்றார். இந்த மூன்றையும் நான் கேட்பது இது முதல்முறை அல்ல. அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் நடக்கும் இலக்கியக் கூட்டங்களின் காப்பி இடைவேளைகளில், துப்பாக்கியைத் தொட்டும் பார்த்திராத நண்பர்கள் இவற்றைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் விலங்கைப் பற்றி. அடையாற்றில் குடியிருப்பவர்களுக்கு வெளிமானை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முறுக்கிய கொம்பும், வயது ஏற ஏறக் கறுத்துப்போகும் முதுகும், வெள்ளை வயிறுமாக, கிண்டி தேசியப் பூங்காவிலும் ஐ.ஐ.டி. வளாகத்தின் புல்வெளியிலும் அது மேய்வதை நகரத்தின் நடுவிலேயே பார்க்கலாம். இந்தியச் சட்டத்தில் அது முதல் அட்டவணை விலங்கு. 1998-இல் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் வெளிமானைக் கொன்ற வழக்கில், புகழ்பெற்ற இந்தி நடிகர் ஒருவருக்கு ஜோத்பூர் நீதிமன்றம் 2018-இல் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது; அவர் மேல்முறையீட்டுக்குப் போனார். இதே மான் 1932-இல் டெக்சஸில் எட்வர்ட்ஸ் பீடபூமிப் பகுதியில் கொண்டுபோய் விடப்பட்டது. இன்று அங்கே பல்லாயிரமாகப் பெருகியிருக்கிறது. அயல்நாட்டு விலங்கு என்பதால் அந்த மாநிலத்தில் அதற்கு வேட்டைப் பருவம் என்று ஒன்று கிடையாது, எண்ணிக்கை வரம்பும் கிடையாது. வேட்டை உரிமமும் நிலத்துக்காரரின் சம்மதமும் இருந்தால் ஆண்டு முழுவதும் சுடலாம்.

சுடும் முறையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மரபு என்ற சொல் அதன்மேல்தான் ஏற்றப்படுகிறது. இப்படிப்பட்ட பண்ணைகள் பலவற்றைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் கம்பிவேலி. குறித்த நேரத்தில் மக்காச்சோளத்தைத் தானே இறைக்கும் எந்திரம் ஒன்று, அதற்கு எதிரே மறைவுக்குடில், குடிலுக்குள் நாற்காலி. மான் கிடைக்காவிட்டால் மானுக்குரிய பணம் வேண்டாம் என்ற உறுதிமொழி வேறு. கொம்பின் நீளத்துக்கு ஏற்ப விலை ஏறுவதும் உண்டு. தி. நகரில் பட்டுப்புடவைக்குச் சரிகை பார்த்து விலை சொல்வதைப்போல.

இனி மரபு. 'வேட்டை நம் மரபு' என்று சொல்லும் எவரும் முதலில் கையிலெடுப்பது வல்வில் ஓரியைத்தான். புறநானூற்றின் 152-ஆம் பாட்டு, வன்பரணர் பாடியது. ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. ஐந்து உயிர், ஓர் அம்பு. பித்தளைத் தகட்டுக்கு ஏற்ற செய்திதான். ஆனால் அந்தப் பாட்டு அங்கே முடியவில்லை. காட்டில் இந்த வேட்டுவனைக் கண்ட பாணர் கூட்டம் அவன் யாரென்று அறியாமல் பாடத் தொடங்குகிறது. பாட்டில் அவனுடைய பெயர் வந்துவிடுகிறது. தன் பெயரைத் தன் எதிரிலேயே கேட்ட அவன் நாணுகிறான். நாணியவன் தான் கொன்ற மானின் ஊனைச் சமைத்துக் கொடுக்கிறான், மது கொடுக்கிறான், தன் மலையின் பொன்னையும் மணியையும் கொடுக்கிறான். பாட்டின் நடுப்புள்ளி அம்பு அல்ல, அந்த நாணம்.

இது தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. அதே வன்பரணர் பாடிய 150-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பசியால் சோர்ந்து ஒரு மரத்தடியில் இருக்கிறது இரவலர் கூட்டம். வில்லோடு வந்த ஒருவன் எழ முயன்றவர்களைக் கையமர்த்தி உட்காரவைத்து, தானே தீ மூட்டி, ஊனைச் சுட்டுத் தின்னத் தருகிறான். புறப்படும்போது அணிந்திருந்த நகைகளைக் கழற்றிக் கொடுக்கிறான். உன் நாடு எது என்றால் சொல்லவில்லை; பெயர் என்ன என்றால் அதையும் சொல்லவில்லை. வழியில் பிறர் சொல்லித்தான் அவன் தோட்டிமலை நள்ளி என்று தெரிகிறது. வேட்டையாடியவன் ஊனைக் கொடுத்துவிட்டுப் பெயரை மறைத்துக்கொள்கிறான். பண்ணை வேட்டையில் பயணி எதை எடுத்துக்கொண்டு எதை விட்டுவருகிறார்? செத்த விலங்கின் கொம்பைப் பிடித்துத் தலையைத் தூக்கிக்காட்டும் நிழற்படம் ஒன்று, பெயர், தேதி, கொம்பின் அங்குலம். அவர் வாங்குவது பெயரை. ஓரி எதற்காக நாணினானோ அதையே இவர் இரண்டாயிரம் டாலர் கொடுத்து வாங்குகிறார். இந்த இரண்டையும் 'வேட்டை' என்ற ஒரே சொல்லால் குறிக்க நேர்வது மொழியின் ஏழ்மை; அதை மரபின் தொடர்ச்சி என்று நிறுவ முயல்வது அறிவின் சோம்பல்.

வேண்டுமென்றே கடுமையாகச் சொல்கிறேன். மலைக்குறவர் வாழ்க்கையை வகுப்பில் பாடமாக நடத்துகிறவன் நான். பசிக்காக, தினையைக் காப்பதற்காக விலங்கைக் கொன்றவர்களைப் பழிக்க எனக்கு வாயில்லை. அவர்களில் வாய்த்தவன் தின்றான், வாய்க்காதவன் வெறுங்கையோடு வந்தான். வெறுங்கையோடு திரும்புவதற்கு இடமில்லாத வேட்டை எந்தத் திணையிலும் இல்லை.

வெளிமானைப் பொறுத்தமட்டில் இன்னும் ஒன்று உண்டு. சங்கப் பாடல்கள் இரலை என்று சொல்வது இந்த மானையே என்பது அறிஞர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட முடிவு. அதற்குரிய இடம் குறிஞ்சி வேட்டைக்களம் அல்ல, முல்லைப் புறவு. அகநானூற்றின் நான்காம் பாட்டில், குறுங்குடி மருதனார், இரும்பை முறுக்கியது போன்ற அதன் கொம்பைக் காட்டுகிறார். கார்காலம் வந்துவிட்டது, பரற்கற்கள் கிடக்கும் பள்ளங்களில் நீர் சேர்ந்துவிட்டது, இரலை துள்ளுகிறது. அதே பாட்டில்தான் வீடு திரும்பும் தலைவன், பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலைந்துபோகுமே என்று அஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். இந்த மானின் தலைக்குக் கீழே பொறிக்கச் சங்க இலக்கியத்தில் ஓர் அடி கேட்டால் நான் எதைக் கொடுப்பது?

இரண்டாவது வாதத்தில் எனக்குப் பாதி உடன்பாடு. ஜிம் கார்பெட்டின் நூலைத் தி. ஜ. ர.வின் 'குமாயுன் புலிகள்' வழியாகப் படித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. கென்னத் ஆண்டர்சனின் ஜவளகிரியும் தேன்கனிக்கோட்டையும் பென்னாகரமும் நமக்குப் பக்கத்து ஊர்கள். நல்ல எழுத்துத்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கங்களில் எத்தனை சுடுவது பற்றியவை என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பகுதி காத்திருத்தல், தடம் பார்த்தல், தவறவிடுதல், இரவில் மரக்கிளையில் கால் மரத்துப்போதல். மூன்று நாள் பயணத்தில் அந்த நூல்களின் கடைசிப் பக்கம் மட்டும்தான் விற்கப்படுகிறது.

விலைக்கு வேட்டை என்பதும் அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததல்ல. சுதந்திரத்துக்குப் பின் இந்தியாவிலேயே அது ஒழுங்கான வணிகமாக நடந்தது. பிற்காலத்தில் நெருக்கடிநிலையின்போது தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த வித்யாசரண் சுக்லா, 1950-களில் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு நடத்திய ஆல்வின் கூப்பர் நிறுவனம் மத்திய இந்தியக் காடுகளில் அத்தகைய பயணங்களை நடத்தியது. வெளிநாட்டார் வந்தார்கள், புலியைச் சுட்டார்கள், தோலோடு போனார்கள். அந்நியச் செலாவணி கிடைக்கிறதே என்று அரசும் மகிழ்ந்தது. 1970-இல் புலி வேட்டை நிறுத்தப்பட்டது. 1972-இல் எடுத்த கணக்கெடுப்பில் நாட்டில் மிஞ்சியவை 1,827 புலிகள். அந்த ஆண்டுதான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சில விலங்குகளுக்கு உரிமத்தோடு வேட்டை என்று அதில் இருந்த ஓட்டையும் 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அடைபட்டது. 'வேட்டைக்காரனின் காசு விலங்கைக் காக்கும்' என்ற கொள்கை நம் நாட்டில் சோதித்துப் பார்க்கப்படாதது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இனி அந்தக் கொள்கை. எதிர்த்தரப்பின் நல்ல சான்றுகளை நானே சொல்லிவிடுகிறேன். நமீபியாவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஊர்ச் சமூகங்களே காட்டு விலங்குகளை நிர்வகிக்கும் காப்பகங்கள் உருவாயின; வேட்டைக் கட்டணமும் இறைச்சியும் ஊருக்கே போகின்றன, விலங்குகளும் பெருகியிருக்கின்றன. பாகிஸ்தானில் அற்றுப்போன வெளிமானை லால் சுஹான்ராவில் மீண்டும் வளர்க்க டெக்சஸ் மான்களே தருவிக்கப்பட்டன. நீலகிரியில் 1877-இல் வேட்டைக்காரர்கள் சேர்ந்து அமைத்த சங்கமும் 1879-ஆம் ஆண்டுச் சட்டமும் வரையாடு அடியோடு அழியாமல் இருக்க உதவின. எல்லாம் உண்மை. வரையாட்டை அந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் துப்பாக்கிகளின் பங்கு என்ன என்று மட்டும் கேட்டுவைக்கிறேன்.

ஆனால் நமீபியாவின் ஊரார் தங்கள் நிலத்தில், தங்கள் பயிரை மிதிக்கும் யானையோடு வாழ்கிறவர்கள். அவர்கள் எடுக்கும் முடிவுக்கு நியாயம் உண்டு. டெக்சஸ் பண்ணையில் அந்த நியாயம் எங்கே இருக்கிறது? வேலிக்குள் இருக்கும் அயல்நாட்டு மான் அங்கே நிலத்துக்காரரின் உடைமை, ஏறக்குறைய ஆடுமாடு போல. அங்கே பெருகியிருப்பது மந்தை. காடு பெருகவில்லை. மந்தை பெருகுவதைக் காட்டிக் காடு காக்கப்படுகிறது என்று சொல்வதானால், கோழிப்பண்ணைக்காரர்களையும் பறவையியலாளர் பட்டியலில் சேர்க்கலாம்.

கிண்டியையும் எனக்கு எதிராகக் காட்டுவார்கள். ஆளுநர்கள் வேட்டைக்காக வைத்திருந்ததால்தானே அந்தக் காடு தப்பியது? ஆம். 1910-இல் ஒதுக்குக்காடாக அறிவிக்கப்பட்டபோது அது 505 ஹெக்டேர். இன்று தேசியப் பூங்கா சுமார் 270. துப்பாக்கி போன பிறகு ஏறக்குறையப் பாதி நிலம் கல்வி நிறுவனங்களுக்கும் தலைவர்களின் நினைவகங்களுக்கும் போய்விட்டது. இதை அவர்கள் தம் பக்கத்துச் சான்றாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் மிச்சத்தை 1978-இல் தேசியப் பூங்காவாக்கி நிறுத்தியது எந்த வேட்டைக் கட்டணம்? ஒருவரும் ஒரு காசும் கொடுத்துச் சுடாத மான், சதுர அடிக்கு விலை பேசும் இந்த நகரத்தின் நடுவில், இன்னும் மேய்கிறது.

மயிலாப்பூரில் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், மா. கிருஷ்ணன் என்று ஒருவர் வாழ்ந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசி மகன். 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் காட்டுயிர் பற்றிய பத்தி எழுதினார். பல உறுப்புகளைச் சேர்த்துத் தாமே உருவாக்கிக்கொண்ட கேமராவைத் தூக்கிக்கொண்டு, யானைகளுக்குப் பக்கத்தில் போய்க் கறுப்பு-வெள்ளைப் படங்கள் எடுத்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தொகுத்தார். மரபு, இலக்கியம், காடு மூன்றையும் ஒரே வாயால் பேசும் நண்பர்களில் எத்தனை பேர் அந்த நூலைத் திறந்திருப்பார்கள் என்று எனக்கு ஐயம்தான்.

குறைந்த செலவில் வெளிமானைத் தேடிப் போகவேண்டும் என்பவர்களுக்குக் கோடியக்கரை இருக்கிறது; 1967-இலிருந்து சரணாலயம். சென்னையிலிருந்து இரவு புறப்பட்டு வேதாரண்யம் போய், அங்கிருந்து உள்ளூர்ப் பேருந்து. முல்லை விலங்கை நெய்தலில் காணும் திணைமயக்கம் கூடுதல் வரவு. அங்கே மானுக்கு இன்று பகை துப்பாக்கி அல்ல. மேய்ச்சலில் போட்டியிடும் காட்டுக் குதிரைகளும், புல்வெளிக்குள் நுழைந்துவிட்ட சீமைக்கருவேலமும். கையில் ஆயுதம் இல்லாமல் காட்டுக்குப் போகக் கூச்சப்படுகிறவர்கள், வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, ஓர் அரிவாளோடு போகலாம்.