தடவுமுன் தலையைப் பாருங்கள்



பள்ளிக்கூடம் திறந்து சில வாரங்கள் ஆனதும், பிள்ளைகள் இரு கைகளாலும் தலையைச் சொறிந்துகொண்டு வீடு திரும்புவதும், பிடரியிலும் காதின் பின்புறத்திலும் சிறு சிறு கொப்புளங்கள் புறப்பட்டு அவற்றில் சில சீழ் கோப்பதும், எல்லாம் உடற்சூடு என்று முடிவு கட்டிய வீட்டார், அண்டை அயலார் சொன்னதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிப் பார்ப்பதும் நம் ஊரில் வருஷந்தோறும் நடக்கும் காரியங்கள். வியாதி ஒன்றல்ல, பல. ஒன்றுக்கு ஔஷதமாவது மற்றொன்றுக்குத் தீங்காகக்கூடும் என்பதை எடுத்துரைக்கவே எங்கள் மாதர் சங்கத்தார் இவ்வேண்டுகோளை விடுக்கிறோம்.

முதலில் பேன். பள்ளிப் பிள்ளைகளின் தலையரிப்புக்குப் பல வேளைகளில் அதுவே காரணமாயிருந்தும், கௌரவக் குறைவென்று எண்ணி அதன் பெயரைச் சொல்லவே பலர் கூசுகிறார்கள். பேனுக்கோ ஏழை, பணக்காரர் என்ற பேதம் கிடையாது. தினமும் குளிக்கும் தலையிலும் அது வாழும். பறக்கவோ தாவவோ இயலாத அப்பிராணி, தலையோடு தலை சேரும்போது ஊர்ந்து மாறுகிறது. கடிக்கையில் தோலுள் சேரும் அதன் உமிழ்நீரை உடம்பு எதிர்ப்பதால் அரிப்பும் தடிப்பும் தோன்றுகின்றன. முதன்முறை பேன் பற்றிய குழந்தைக்கு இது தெரிய நாலு முதல் ஆறு வாரம்வரை செல்லுமாகையால், அரிப்பு தொடங்குமுன்பே அக்காளுக்கும் தம்பிக்கும் பரவியிருக்கும். நல்ல வெளிச்சத்தில் குழந்தையை உட்காரவைத்து, காதின் பின்புறத்து மயிரை வகிர்ந்து பாருங்கள். மயிரடியை ஒட்டி வெள்ளையாக ஏதேனும் தென்பட்டால் விரலால் தள்ளுங்கள். பொடுகு என்றால் உதிரும், ஈர் என்றால் பசைபோட்டதுபோல் மயிரை விடாது.

ஒரு சதவிகித பெர்மெத்ரின் திரவத்தை, அலசித் துவட்டிய தலையில் தேய்த்துப் பத்து நிமிஷம் வைத்துக் கழுவினால் பேன்கள் மடியும். ஈர்கள் பல தப்புமாதலால், அவை பொரித்து மீண்டும் முட்டையிடுமுன், ஒன்பதாம் நாள் வாக்கில் மறுமுறையும் தேய்க்க வேண்டும். மருந்து பலிக்கவில்லை என்று குறைகூறுவோரில் பலர் இந்த இரண்டாம் முறையை மறந்தவர்களே. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு இம்மருந்து வேண்டாம். மண்ணெண்ணெய் யாருக்குமே வேண்டாம். தோலைப் புண்ணாக்குவதோடு, அருகில் அடுப்போ விளக்கோ இருந்தால் உயிருக்கே அபாயம். பெண்குழந்தையின் தலையை மழித்து நாலுபேர் முன் நிறுத்துவதும் அவசியமற்ற தண்டனை.

தலையில் வரும் படர்தாமரை பேனினும் கடினமானது. மயிர் முறிந்து வட்டமாகச் சொட்டையும் செதிலும் தோன்றி, சில வேளைகளில் அவ்விடம் கொழகொழவென்று வீங்கிச் சீழ் கசியும். கட்டியென்று மயங்கிக் கத்தி வைத்துக் கீறிவிடுவதும் உண்டு. பூஞ்சை மயிர்வேருக்குள் புகுந்திருப்பதால் கீறுவதில் பயனில்லை, மேற்பூச்சு மட்டும் போதவும் போதாது. 1939-இல் பிரித்தெடுக்கப்பட்ட கிரிஸியோஃபுல்வின், 1958 முதல் இந்நோய்க்கு உட்கொள்ளும் மருந்தாக வருவதற்கு முன், மேல்நாட்டில் குழந்தைகளின் தலைமேல் எக்ஸ்-கதிர் பாய்ச்சி மயிரை உதிர்த்தார்கள். அவர்களுட் சிலருக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் கண்டது. அதை நினைத்தால், வைத்தியர் குறித்த அளவில் ஆறு முதல் எட்டு வாரம் மாத்திரை கொடுப்பது பெரிய சிரமமன்று. நெய்யோ பாலோ சேர்ந்த ஆகாரத்தோடு கொடுத்தால் அது உடம்பில் நன்றாகச் சேரும்; தலை பார்வைக்குத் தெளிந்துவிட்டதென்று நடுவில் நிறுத்தலாகாது. வீட்டுப் பூனைக்குட்டியின் உடலிலும் சொட்டை தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெரியவர்களைப் பெரிதும் வருத்துவது பொடுகு. தோலின் எண்ணெய்ப் பசையை உண்டு பெருகும் நுண்ணிய பூஞ்சை அதற்கு முக்கிய காரணம். அத்தகைய தலையில் இரவெல்லாம் எண்ணெய் ஊறவிடுவது அதற்கு விருந்து வைப்பதாகும். எண்ணெய் ஸ்நானத்தை நாங்கள் நிந்திக்கவில்லை. தேய்த்த எண்ணெய் சீயக்காயோடு போய்விடட்டும் என்றே சொல்கிறோம். கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் இருமுறை, நுரையைச் சில நிமிஷம் தலையில் நிறுத்தி அலசினால் பெரும்பாலோருக்குத் தணியும். பழனியிலோ திருப்பதியிலோ முடியிறக்கிய பின் வரும் சீழ்க்கொப்புளம், கத்தி பட்ட மயிர்க்கால்களில் கிருமி புகுவதால் நேர்வது; புதிய பிளேடைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள். தலைச்சாயம் பூசி ஓரிரு நாளில் காதோரமும் நெற்றியும் தடித்து அரித்தால், அந்தச் சாயத்தை மறுபடி தொடாதீர்கள். காய்ச்சலோ, கழுத்தில் நெறிகட்டுதலோ, பரவும் சீழோ கண்டால் அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள்.

மருந்துக்கடை நடத்தும் அன்பர்களை நாங்கள் பிரத்தியேகமாக வேண்டுவது ஒன்றுண்டு. ஸ்டீராய்டு கலந்த களிம்பைச் சீட்டில்லாமல் கொடுக்காதீர்கள்; அரிப்பு ஓரிரு நாளில் அடங்கியதுபோல் தோன்றினும், உள்ளே பூஞ்சை உருமறைந்து பரவுகிறது. ஆசிரியப் பெருமக்களோ, பேன் கண்ட பிள்ளையை வகுப்பின் நடுவே எழுப்பிவிடாமல், மடித்த துண்டுச் சீட்டொன்றைத் தாயாருக்கு அனுப்பினால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் சங்கத்துத் தாழ்வாரத்தில் பேன்சீப்பும் வெள்ளைத் துணியும் வைத்துக்கொண்டு காத்திருப்போம். அங்கே வரக் கூச்சப்படுவோர் சொல்லியனுப்பினால், நாங்களே வீடு தேடி வருகிறோம்.

இங்ஙனம்,
மாதர் சங்கத்தார்