சேர்க்கையில் வரும் சிக்கல்

சென்ற திங்கள் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்றில், பழச்சுவைப் பானப் புட்டி ஒன்றின் மேலொட்டுத் தாள் பத்திரமாக உரித்தெடுத்து இணைக்கப்பட்டிருந்தது. தாளின் முகப்பில் "வைட்டமின் சி நிறைந்தது" என்று கொட்டை எழுத்துகள். மறுபுறத்தில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற சிற்றெழுத்தில், 330, 300, 211 என்று மூன்று எண்கள். அதை அனுப்பிய சகோதரி எழுதுகிறார்: "இந்த 300 என்பது நஞ்சு என்று கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. ஆறு வயது மகள் இதைத் தவிர வேறெதையும் விரும்பிக் குடிப்பதில்லை. கொடுக்கலாமா, கொட்டிவிடலாமா?"

ஒரு தாயின் நியாயமான கேள்வி இது. ஆகவே இத்திங்கள் இப்பகுதியை இதற்கென்றே ஒதுக்கிவிட்டோம்.

முதலில் அச்சத்தைக் களைவோம். 300 என்ற எண்ணுக்குரிய பொருள் அஸ்கார்பிக் அமிலம். முகப்பில் பெருமையோடு பறைசாற்றப்பட்ட அதே வைட்டமின் 'சி' தான் பின்புறத்தில் எண்ணாக மாறி நிற்கிறது. ஒன்றைக் கண்டு மகிழ்ந்து மற்றதைக் கண்டு நடுங்குவதில் பொருளில்லை. உணவில் சேர்க்கும் பொருள்களை எந்த நாட்டவரும் இனங்கண்டுகொள்ளப் பன்னாட்டளவில் எண்கள் இட்டிருக்கிறார்கள். எண் பெற்றதனாலேயே ஒரு பொருள் நஞ்சாகிவிடாது. 330 என்பதும் எலுமிச்சையின் புளிப்பாகிய சிட்ரிக் அமிலமே.

ஆலையில் செய்த வைட்டமினும் கொய்யாப் பழத்திலுள்ள வைட்டமினும் வேறு வேறானவை என்று பலர் எண்ணுகின்றனர். குளுக்கோஸிலிருந்து இதைச் செய்யும் முறை 1933-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. இரண்டும் ஒரே பொருள். நம் உடல் அவற்றை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் இதை மறு ஆய்வு செய்து, உணவுச் சேர்க்கைப் பொருளாக இது பயன்படும் அளவில் கவலைக்கு இடமில்லை என்று முடிவு கூறிற்று. நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமுக்கு மேல் உட்கொள்ளும் பெரியவர்களுக்கு வயிற்றுப்போக்கு வரக்கூடும். மாத்திரைகளை மிகையாக விழுங்குவோர் கருத வேண்டிய எச்சரிக்கை அது.

அப்படியானால் கடிதத்துக்கு விடை முடிந்ததா? முடியவில்லை. 300-ஐக் குறித்து அஞ்சிய சகோதரி, அதன் அருகே நிற்கும் 211-ஐக் கவனிக்கவில்லை.

உணவுப் பொட்டலத்தில் வைட்டமின் 'சி' எதற்காகச் சேர்க்கப்படுகிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது நம் குழந்தைக்காக அன்று, பொட்டலத்துக்காகவே சேர்க்கப்படுகிறது. நறுக்கிய ஆப்பிள் கறுக்காதிருக்க எலுமிச்சைச் சாறு தடவுகிறோம் அல்லவா? அந்த வேலைதான். காற்றிலுள்ள பிராணவாயுவோடு தான் முந்திக்கொண்டு கூடி, உணவின் நிறமும் சுவையும் கெடாமல் அது காக்கிறது. ரொட்டி மாவில் அதன் பணி வேறு. மாவுக்கு உறுதி தந்து, ரொட்டி நன்கு உப்ப உதவுகிறது. முன்பு அதற்காகப் பொட்டாசியம் புரோமேட் என்ற பொருளைச் சேர்த்து வந்தனர். புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயத்தால் 2016-இல் அதற்கு நம் நாட்டில் தடை விதிக்கப்பட்டது. அதற்கு மாற்றாக நின்று உதவும் பொருள்களுள் வைட்டமின் 'சி'யும் ஒன்று. ஆனால் அடுப்பின் சூட்டில் அது பெரும்பாலும் அழிந்துபோவதால், ரொட்டியில் வைட்டமின் உண்டு என்று யாரும் மகிழ வேண்டுவதில்லை.

பதப்படுத்திய பன்றி இறைச்சியில் நடப்பது இன்னும் வியப்பானது. அதன் செந்நிறத்துக்காகவும் கெடாமைக்காகவும் நைட்ரைட் உப்பு சேர்ப்பதுண்டு. அது நைட்ரோசமீன் என்னும் தீய பொருளாக மாறுவதை வைட்டமின் 'சி'யின் உப்பு தடுக்கிறது. அமெரிக்க அரசு 1978-இல் 'பேக்கன்' இறைச்சியில் அவ்வுப்பையோ அதன் இனமான எரித்தார்பேட் உப்பையோ நைட்ரைட்டுடன் சேர்த்தாக வேண்டும் என்று விதித்தது. அங்கே இந்த வைட்டமின் காவலாள்.

அதே காவலாள் 211-உடன் சேரும்போது வேறு முகம் காட்டுகிறான். 211 என்பது சோடியம் பென்சோயேட். புளிப்பான பானங்களிலும் ஊறுகாயிலும் பூஞ்சணம் பிடிக்காதிருக்கச் சேர்க்கப்படும் உப்பு. அனுமதிக்கப்பட்ட அளவில் அதுவும் தனித்து நிற்கையில் அஞ்சத்தக்கதன்று. ஆனால் இரண்டும் ஒரே புட்டியில் இருந்து, நீரிலுள்ள செம்பு அல்லது இரும்பின் சிறு துகளும் கூடினால், பென்சோயேட் சிதைந்து பென்சீன் என்னும் பொருள் சிறிதளவு உண்டாகிறது. வெப்பமும் வெளிச்சமும் இதை விரைவுபடுத்துகின்றன. பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்குவது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட செய்தி.

பானத் தொழிலார் இதை 1990-இலேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்குத் தெரிவித்தனர். கலவையைத் திருத்திக்கொள்வதாகவும் கூறினர். பொதுமக்கள் காதுக்கு அது பெரிதாக எட்டவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் சில பானங்களில் மீண்டும் பென்சீன் தென்பட, 2005 முதல் 2007 வரை அந்நிர்வாகம் ஏறத்தாழ 200 மாதிரிகளைச் சோதித்தது. குடிநீருக்கு அந்நாடு வகுத்த எல்லை லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அதாவது நூறு கோடியில் ஐந்து பங்கு. பத்துப் பானங்கள் அதைத் தாண்டின. பிரிட்டனில் 2006-இல் 150 பானங்கள் சோதிக்கப்பட்டன. உலக நலவாழ்வு நிறுவனம் குடிநீருக்குக் கூறும் 10 மைக்ரோகிராமை நான்கு பானங்கள் மிஞ்சியதால் அவை கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. பின்னர்த் தயாரிப்பாளர்கள் கலவையை மாற்றினர். முதன்முறை சொன்னபோதே எல்லாரும் மாற்றியிருந்தால் இரண்டாம் முறை ஏன் என்று நாம் கேட்பது தவறாகாது.

இந்த அளவுகளை உள்ளவாறே காண வேண்டும். நூறு கோடியில் ஐந்து பங்கு என்பது மிகச் சிறிய அளவு. குடித்தவுடன் எவரும் நோயுறுவதில்லை. பெட்ரோல் ஆவியிலும் சிகரெட்டுப் புகையிலும் பென்சீன் உண்டு. புகைப்பவர் உடலில் சேரும் பென்சீனில் பெரும்பங்கு சிகரெட்டின் வழியே வருவதுதான். மகளின் பானத்தைக் கொட்டச் சொல்லும் தந்தை ஒரு கையில் சிகரெட்டுடன் கூடத்தில் அமர்ந்திருப்பாராயின், முதலில் எதை அணைக்க வேண்டும் என்பதை அவரிடமே விட்டுவிடுகிறோம்.

வீட்டிலேயே பழரசப் பாகு செய்து வைக்கும் பழக்கமுடைய சகோதரிகளுக்கு ஒரு சொல். மாதர் சங்க வகுப்புகளில் நாமெல்லாம் கற்றுக்கொண்ட முறைதான் இது. எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் 'சி' இயல்பாகவே உண்டு. அதில் பென்சோயேட் உப்பைக் கலந்தால் புட்டியில் நிகழக்கூடியது நம் சமையலறையிலும் நிகழக்கூடும். 'வீட்டுச் சரக்கு' என்பதற்காக வேதியியல் நமக்குச் சலுகை காட்டாது. எலுமிச்சைப் பாகுக்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டே வழக்கமான உப்பு. ஆயினும் ஆஸ்துமா உடையோர்க்கு அது ஒவ்வாமற் போகலாம். திராட்சை, நாவல் போன்ற நிறமுள்ள சாறுகளை அது வெளுக்கச் செய்யும் என்பதால் அவற்றுக்குத்தான் பென்சோயேட்டைச் சொல்லிக்கொடுத்தார்கள். எதைச் செய்தாலும் செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் சாற்றை வைக்காதீர்கள். கொஞ்சமாகச் செய்து, குளிர்ப்பெட்டியில் வைத்து விரைவில் தீர்த்துவிட்டால் எந்த உப்பும் தேவைப்படாது.

இனி அச்சகோதரிக்கு நமது விடை. வீட்டிலுள்ள அந்த ஒரு புட்டியைக் கண்டு பதற வேண்டாம். அடுத்த முறை வாங்கும்போது மேலொட்டைத் திருப்பிப் பாருங்கள். 211 இன்றி, 202 என்ற பொட்டாசியம் சார்பேட் சேர்த்த பானங்கள் கடையில் இருந்தால் அவற்றைத் தேர்ந்தெடுங்கள். அதிலிருந்து பென்சீன் வருவதில்லை. திருவிழாக் கடைகளில் நாள் முழுதும் வெயிலில் அடுக்கி வைக்கப்பட்ட புட்டிகளை வாங்காதீர்கள். நம் வீட்டிலும் புட்டியின் இடம் சன்னல் விளிம்பு அன்று.

முகப்பிலுள்ள கொட்டை எழுத்தை நம்பி, சத்து என்று கருதி, மகளுக்கு நாள்தோறும் அதைக் கொடுத்து வருகிறீர்களே, அதுதான் நமக்கு அதிகக் கவலை தருகிறது. அப்பானத்தில் மிகுதியாக இருப்பது சர்க்கரை. வளர்ந்த பெண்ணொருத்திக்கு நாளொன்றுக்கு வேண்டிய வைட்டமின் 'சி' 65 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்துள்ளது. ஆறு வயதுச் சிறுமிக்கு இன்னும் குறைவே போதும். நூறு கிராம் கொய்யாப் பழத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்கிறது. பானத்தைத் தவிர வேறெதையும் விரும்புவதில்லை என்கிறீர்கள். கொய்யாவை நறுக்கி, உப்பும் மிளகாய்த் தூளும் தூவி, அவள் கண்ணெதிரே நீங்களே ஒரு துண்டை எடுத்து உண்ணத் தொடங்குங்கள். இரண்டாவது துண்டுக்கு அவள் கை நீளுகிறதா இல்லையா என்று நமக்கு எழுதுங்கள்.