கப்பல் டிக்கெட் மலிவுதான்... ஆனால் மொத்தச் செலவு? குடும்பத்தோடு சொகுசுக் கப்பல் ஏறுமுன் போட வேண்டிய கணக்கு

‘மூன்று இரவு, ஆளுக்கு இவ்வளவுதான், சாப்பாடும் அதிலேயே அடக்கம்’ என்று கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்து விழுகிறது. “ஊட்டியில ஓட்டல் ரூமுக்குக் கொடுக்கிற காசுல கப்பல்லயே போயிட்டு வந்துடலாம் போல இருக்கே” என்று வீட்டில் பேச்சு தொடங்குகிறது. இந்தப் பேச்சில் தவறு ஒன்றுமில்லை. படுக்கை, மூன்று வேளை உணவு, நீச்சல் குளம், இரவு நேர நிகழ்ச்சி எல்லாம் ஒரே கட்டணத்தில் கிடைப்பது உண்மைதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விளம்பரத்தில் உள்ள தொகையும், ஊர் திரும்பிய பிறகு வங்கிக் கணக்கிலிருந்து போயிருக்கும் தொகையும் ஒன்றாக இருப்பதில்லை. எந்தக் கப்பல் நிறுவனம் மலிவு என்பதை முடிவு செய்வது அந்த இடைவெளிதான்.

தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு நடைமுறையில் உள்ள வழிகள் மூன்று: சென்னையிலேயே ஏறுவது, சிங்கப்பூர் போய் ஏறுவது, ஐரோப்பா போய் ஏறுவது.

சென்னையில் ஏறினால்...

2022 ஜூன் 4ஆம் தேதி முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்த பயணம் பலருக்கு நினைவிருக்கும். கோர்டிலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பல் அது. 1990இல் கட்டப்பட்டு, ராயல் கரீபியன் நிறுவனத்திடம் நீண்டகாலம் ஓடிய கப்பல். 2023இல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போனது. காங்கேசன்துறையில் இறங்கி யாழ்ப்பாணம் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்பது தமிழர்களுக்குத் தனி ஈர்ப்பு.

இதில் பெரிய லாபம் விமான டிக்கெட்டும் ஓட்டல் செலவும் இல்லாததுதான். தாத்தா பாட்டியையும் சேர்த்து ஆறு பேர் கிளம்பும் வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆட்டோ பிடித்துத் துறைமுகத்துக்குப் போய்விடலாம்!

ஆனால் தேதி உதைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும் என்பதால் அந்த மாதங்களில் கப்பல் கிழக்குக் கரைக்கு வருவதும், பிறகு மும்பை, கோவா, லட்சத்தீவு பக்கம் போய்விடுவதும்தான் வழக்கம். நம் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் தொடக்கத்தில் முடிந்துவிடும். அதாவது, கப்பல் இருக்கும்போது பள்ளி இருக்கிறது. பள்ளி இல்லாதபோது கப்பல் இல்லை. மிஞ்சுவது வார இறுதியும், சுதந்திர தினத்தை ஒட்டி வரும் தொடர் விடுமுறையும்தான். எல்லோரும் அதே நாளைக் கேட்பதால் கட்டணம் ஏறிவிடும். விலையைப் பார்க்கும் முன் பள்ளி நாள்காட்டியைப் பார்ப்பது நல்லது.

‘ஹை சீஸ்’ என்று போடப்பட்டிருக்கும் இரண்டு இரவுப் பயணம் எந்த ஊரிலும் நிற்காது. நடுக்கடலுக்குப் போய்த் திரும்பிவிடும். கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதே ஓய்வு என்பவர்களுக்குச் சரி. “எங்கேப்பா இறங்கப் போறோம்?” என்று அரைமணிக்கு ஒருமுறை கேட்கும் பத்து வயதுப் பிள்ளைக்குச் சரிப்படாது. எம்பிரஸ் இன்றைய அளவுகோலில் சிறிய கப்பல், அறைகளும் சிறியவை. சிறிய கப்பலில் அலையின் ஆட்டமும் கூடுதலாகத் தெரியும். வாந்தி, மயக்கம் வருபவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலும் அந்த அறைகள்தான் விலையும் குறைவு. மேல்தளத்துப் பால்கனிக்குக் கூடுதல் பணம் கொடுத்து, கூடுதல் ஆட்டத்தையும் வாங்குவானேன்?

சிங்கப்பூர் கணக்கு

சென்னையிலிருந்து நான்கு மணி நேர விமானப் பயணம். சிங்கப்பூரில் ஏறுவதற்குப் பலவகைக் கப்பல்கள் உண்டு. ‘ஜென்டிங் டிரீம்’, இந்தியப் பயணிகளை மனதில் வைத்தே நடத்தப்படும் கப்பல் எனலாம். இந்தியச் சமையல், சைவம், ஜெயின் உணவு எல்லாம் உண்டு. இரண்டு, மூன்று இரவுப் பயணங்கள் அதிகம். ராயல் கரீபியன், கப்பலை ஆண்டுக்கு ஆண்டு மாற்றினாலும் சிங்கப்பூர் பருவத்துக்குப் பெரும்பாலும் நாலாயிரம் பேருக்கு மேல் ஏற்றும் பெரிய கப்பலையே கொண்டுவருகிறது. பிள்ளைகளுக்கான விளையாட்டு வசதிகளில் அதன் கை ஓங்கியிருக்கும். சிங்கப்பூரைத் தளமாகக் கொள்ளும் டிஸ்னியின் ‘டிஸ்னி அட்வென்ச்சர்’ மூன்று, நான்கு இரவுப் பயணங்களுக்கானது. வழியில் எந்தத் துறைமுகத்திலும் நிற்காது. கப்பலே பொழுதுபோக்குப் பூங்கா. மிக்கி மவுஸ் பைத்தியமான குழந்தை வீட்டில் இல்லையென்றால், அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்க வேறு காரணம் இல்லை.

பட்ஜெட் பார்க்கும் குடும்பம் கப்பலின் பெயரைவிட, அது நிற்கும் ஊரைக் கவனிப்பது புத்திசாலித்தனம். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் நகரத்தை ஒட்டியே நிற்கும். இறங்கி நடந்தால் லிட்டில் இந்தியா, குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில், பழைய கடைத்தெருக்கள். தமிழிலேயே பேசி இட்லி சாப்பிட்டுவிட்டு, பேருந்துக் காசுகூடச் செலவழிக்காமல் கப்பலுக்குத் திரும்பலாம். அதுவே ‘கோலாலம்பூர்’ என்று போட்டிருந்தால், கப்பல் நிற்பது போர்ட் கிள்ளான் துறைமுகத்தில். அங்கிருந்து கோலாலம்பூர் நகரம் 40 கிலோமீட்டருக்கு மேல். இரட்டைக் கோபுரத்தைப் பார்க்க நாலு பேருக்கு வாகனம் பிடித்தால் கப்பலில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். புக்கெட்டிலும் பல கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு, சிறு படகில்தான் பயணிகளை இறக்குகின்றன. போக வர வரிசையில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஐரோப்பியக் கப்பல்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மத்தியதரைக் கடலில் எம்.எஸ்.சி. நிறுவனம் பல பயணங்களில், பெற்றோருடன் ஒரே அறையில் தங்கும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. துறைமுக வரி மட்டும்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஷெங்கன் விசாவுக்கே பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. 8, 11 வயதில் இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு 270 யூரோ, அதற்கு மேல் விமான டிக்கெட். பாரிஸிலோ சூரிச்சிலோ இருக்கும் தமிழ்க் குடும்பம் ரயிலில் மார்சேய், ஜெனோவா போய் ஏறினால் அது உண்மையிலேயே மலிவு. சென்னையிலிருந்து கிளம்புபவர்களுக்கு அல்ல.

‘ஆளுக்கு’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

விளம்பரத்தில் வரும் ‘ஆளுக்கு’ என்பது, ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு என்று பொருள். பெரும்பாலும் ஜன்னல் இல்லாத உள்ளறையின் விலை அது. அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறையும். சில நிறுவனங்கள் சில தேதிகளில் குழந்தைகளுக்கு வாங்குவதே இல்லை. ஆகவே நிறுவனங்களை ஒப்பிடும்போது ஆள் கட்டணத்தை ஒப்பிடுவது வீண். ஒரு நிறுவனம் ஆளுக்கு 30,000 ரூபாய், நால்வருக்கும் அதே கட்டணம் என்கிறது. மற்றொன்று முதல் இருவருக்கு 38,000, பிள்ளைகளுக்குத் தலா 12,000 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 1,20,000; இரண்டாவது 1,00,000. விலை கூடியதாகத் தெரிந்ததுதான் இங்கே மலிவு.

நால்வர் தங்கும் அறைகள் எண்ணிக்கையில் குறைவு. மேலிருந்து இறக்கும் கட்டில்கள் உள்ள அறைகள் அவை. உயிர்காப்புப் படகுகளின் கொள்ளளவுக் கணக்கும் இருப்பதால், இடம் காலியாகத் தெரிந்தாலும் ‘இன்னொரு ஆளைச் சேர்த்துக்கோங்க’ என்று கடைசி நேரத்தில் கேட்க முடியாது. கடைசி நேரத் தள்ளுபடிக்குக் காத்திருப்பது ஜோடியாகப் போகிறவர்களுக்குப் பலிக்கலாம். நால்வர் குடும்பம் காத்திருந்தால் இரண்டு அறைகளாக எடுக்க நேர்ந்து, தள்ளுபடி காணாமல் போய்விடும்.

அடுத்தது டிப்ஸ். நம்மூரில் இது கொடுப்பவர் மனதைப் பொறுத்தது. கப்பலில் அப்படியில்லை, தினமும் கணக்கில் ஏறிவிடும். பெரிய அமெரிக்க நிறுவனங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர். பல நிறுவனங்களில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் இதே தொகைதான். 18 டாலர் என்று எடுத்துக்கொண்டாலும் நால்வருக்கு மூன்று இரவுக்கு 216 டாலர். டாலர் 90 ரூபாய் என்றால் 19,440 ரூபாய். ‘பிள்ளைகளுக்கு இலவசம்’ என்ற சலுகையின் ஒரு பகுதி இப்படித் திரும்பப் போய்விடுகிறது.

உணவு அடக்கம் என்றால், பொது உணவகமும் பஃபேயும் அடக்கம். தனிச் சிறப்பு உணவகங்களுக்குக் காசு. குளிர்பானம், மது, நல்ல காபி ஆகியவை பல கப்பல்களில் தனி. வைஃபை தனி, விலையும் அதிகம். எல்லாவற்றையும்விட ஆபத்தானது கைப்பேசி. கரை மறைந்ததும் அது கப்பலின் செயற்கைக்கோள் வழி நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோமிங் பேக்கில் இது பெரும்பாலும் வராது. ஏறியதுமே பிள்ளைகளின் போனையும் சேர்த்து ‘ஏர்பிளேன் மோடில்’ போட்டுவிட வேண்டும். கப்பலில் செலவாகும் பணத்துக்கு இந்தியக் கிரெடிட் கார்டைக் கொடுத்தால், பெரும்பாலான வங்கிகள் அந்நியச் செலாவணிக் கட்டணமாக 2 முதல் 3.5 சதவீதம் வரை சேர்த்துக்கொள்ளும்.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு இன்னும் சில. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. ஆகவே முதல் நாளே போய்ச் சேர்ந்து ஓர் இரவு தங்குவதுதான் பாதுகாப்பு. அந்த ஓட்டல் செலவும் பயணச் செலவுதான். கப்பல் சிங்கப்பூரை விட்டு வெளியேறி மீண்டும் நுழைவதால், விசா பலமுறை நுழைவதற்கானதா என்று பார்க்க வேண்டும். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா கேட்பதில்லை. ஆனால் இணையவழி வருகை அட்டையை நிரப்ப வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு என்பதால் டி.சி.எஸ். வரியும் முன்கூட்டியே பிடிக்கப்படும். அது செலவு அல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பணம் கட்டும் நாளில் கையில் இருக்க வேண்டும்.

கைக்குழந்தையும் கர்ப்பிணியும்

விலைக்கு முன்னால் இதைக் கேட்டுவிட வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையை ஏற்றுவதில்லை. கர்ப்பம் 24 வாரத்தை எட்டியவர்களையும் ஏற்றுவதில்லை. பணம் கட்டியிருந்தாலும் துறைமுகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெற்றோர் சற்று ஓய்வெடுக்க உதவும் குழந்தைகள் அறையும் பல கப்பல்களில் மூன்று வயதிலிருந்துதான், அதுவும் டயப்பர் பழக்கம் விட்டவர்களுக்குத்தான். இரண்டு வயதுக் குழந்தை உள்ள வீட்டுக்கு அந்த வசதி விளம்பரத்தில் மட்டுமே இருக்கும். கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் இலவசம் இல்லை. நம்மூர் மருத்துவக் காப்பீடு அங்கே பொதுவாகச் செல்லாது. தாத்தா பாட்டியோடு போகிறவர்கள் பயணக் காப்பீட்டில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

பணம் கட்டிய பிறகு

கப்பல் நிறுவனங்களின் ஒப்பந்தங்கள், வழித்தடத்தை மாற்றும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றன. 2022 ஜூனில் சென்னையிலிருந்து வந்த கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்காமல், கரையைத் தொடாமலேயே திரும்ப நேர்ந்தது. இப்படி ஒரு துறைமுகம் விடுபட்டால், பொதுவாகத் திரும்பக் கிடைப்பது துறைமுகக் கட்டணம் மட்டும்தான். ‘அந்த ஊருக்காகவே போகிறோம்’ என்று முடிவெடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நிறுவனமே இல்லாமல் போவதும் உண்டு. 2019இல் மும்பையில் தொடங்கிய ஜலேஷ் குரூசஸ் அடுத்த ஆண்டே மூடப்பட்டது. அதன் ‘கர்ணிகா’ கப்பல் அலங்கில் உடைக்கப்பட்டது. டிரீம் குரூசஸை நடத்திய ஜென்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் கலைப்புக்கு விண்ணப்பித்தது. ஓராண்டுக்கு முன்பே முழுப் பணத்தையும் ஏஜென்டிடம் ரொக்கமாகக் கொடுப்பதைவிட, முன்பணம் மட்டும் கட்டி, மீதியைக் கடைசித் தவணை நாளில் கிரெடிட் கார்டில் செலுத்துவது மேல்.

கடைசியாக ஒன்று, இது பயணிகளுக்கு அல்ல, விற்பவர்களுக்கு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2024 ஜூலையில் ஒரு சட்டம் அமலுக்கு வந்த பிறகு, பெரிய கப்பல் நிறுவனங்கள் வரியையும் துறைமுகக் கட்டணத்தையும் சேர்த்தே விலையைக் காட்டத் தொடங்கின. இங்கே நிலைமை அப்படியில்லை. குறைந்த விலையைக் காட்டி உள்ளே இழுத்து, பணம் கட்டும் பக்கத்தில் ஒவ்வொன்றாகச் சேர்ப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே ஏமாற்று உத்திகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. விதி இருக்கிறது, ‘வரிகள் தனி’ என்ற பொடி எழுத்தும் விளம்பரங்களில் அப்படியே இருக்கிறது. டிப்ஸ், வரி, துறைமுகக் கட்டணம் உட்பட நால்வருக்கான மொத்தத் தொகையை எழுத்தில் தரும்படி ஏஜென்டிடம் கேட்பது பயணியின் உரிமை. தர மறுப்பவரிடம் முன்பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கொடுத்த தொகைக்கு மேல் கேட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.