கேம் விலை ஏறட்டும்!

டிஸ்கி: கேம் ஆடுவது தப்பு என்று சொல்லும் பதிவு அல்ல இது. நானும் ஆடுகிறவன்தான். துப்பாக்கி கேம் ஆடினால் பையன் ரவுடி ஆகிவிடுவான் என்று நம்பும் மாமாக்களுக்கும் இங்கே தீனி கிடையாது. அந்தப் பஞ்சாயத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஏப்ரலில் நின்டெண்டோ தன் மரியோ கார்ட் வேர்ல்டு கேமுக்கு 80 டாலர் விலை வைத்தது. உலகமே கொந்தளித்தது. அவர்கள் நடத்திய நேரலையில் "விலையைக் குறை, விலையைக் குறை" என்று சாட் பெட்டி முழுக்க ஒரே கோஷம். வாழ்க்கையில் ஒரு நின்டெண்டோவைத் தொட்டுக்கூடப் பார்க்காத என் வகுப்புப் பசங்களும் கோபப்பட்டார்கள். "பகல் கொள்ளை மச்சி" என்றார்கள். சொல்லும்போது அவர்கள் கையில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு ஓசி கேம்.

என் கருத்து இதற்கு நேர் எதிர். பெரிய கேம்களின் விலை ஏறட்டும். ஏறத்தான் வேண்டும். உண்மையான பகல் கொள்ளை அந்த ஓசி கேமில்தான் நடக்கிறது. பி.காம் மூன்றாம் வருடம், காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர் இல்லாதவன் என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு சொல்கிறேன். அடிக்க வருகிறவர்கள் முழுதாகப் படித்துவிட்டு வரவும் :-)

1. விலை ஏறவில்லை, இறங்கியது

2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது ஒரு புது கேமின் விலை 60 டாலர் என்று ஆனது. 2020 வரை பெரும்பாலும் அதே 60தான். 15 வருடத்தில் டீ விலை எவ்வளவு ஏறியது என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்கப் பணவீக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டால், 2005இன் 60 டாலர் 2020இல் கிட்டத்தட்ட 80 டாலருக்குச் சமம். ஆக, 2020இல் 70 ஆக்கினார்களே என்று நாம் கத்தியபோதுகூட, உண்மை மதிப்பில் 2005ஐ விட குறைவாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு பக்கம் அடக்க விலையைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் வழக்குக்காக 2023இல் சோனி கோர்ட்டில் கொடுத்த ஆவணங்களில் கறுப்பு மை பூசி மறைத்த எண்கள் சரியாக மறையாமல் வெளியே தெரிந்துவிட்டன. 2020இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு ஆன செலவு சுமார் 22 கோடி டாலர். உச்சத்தில் அதில் வேலை பார்த்தவர்கள் ஏறக்குறைய 200 பேர்.

வாங்குகிறவர்கள் அதிகமானார்கள், டிஸ்க் அச்சடித்து லாரியில் ஏற்றும் செலவு குறைந்தது, எல்லாம் உண்மைதான். ஆனால் அது மட்டுமே ஓட்டையை அடைத்துவிடவில்லை. விற்பனை விலை இறங்கி அடக்க விலை ஏறினால், ஒன்று கடையை மூட வேண்டும். இல்லை என்றால் பின்வாசலில் வேறு வியாபாரம் தொடங்க வேண்டும். இவர்கள் கடையை மூடவில்லை.

2. ஓசி கேம்தான் உலகிலேயே காஸ்ட்லி

பின்வாசல் வியாபாரத்துக்கு ஒரு பிள்ளையார் சுழி உண்டு. 2006 ஏப்ரலில் ஆப்லிவியன் என்ற கேமில் குதிரைக்கு ஒரு கவசம் விற்றார்கள். விலை இரண்டரை டாலர். பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். "குதிரைக்குச் சட்டை போட இரண்டரை டாலரா" என்று ஊரே கைகொட்டிச் சிரித்தது. இன்று அந்தக் குதிரைக் கவசம்தான் தொழிலின் முதுகெலும்பு. நாம் அதை ஸ்கின் என்கிறோம், சிரிப்பதில்லை.

ஓசி கேமை ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரு பைசாகூடக் கட்டுவதில்லை. கட்டுகிற சிலர் பெரிதாகக் கட்டுகிறார்கள். அவர்களுக்குத் தொழிலில் வைத்திருக்கும் பெயர் திமிங்கிலம். மரியாதை எப்படி! அப்படியானால் ஒன்றும் கட்டாத நாம் யார்? சினிமாவில் ஹீரோ நடந்து வரும்போது பின்னால் நிற்கிற துணை நடிகர்கள். திமிங்கிலத்தின் தங்கத் துப்பாக்கியைப் பார்த்துப் பொறாமைப்பட நூறு பேர் வேண்டுமல்லவா, அந்த நூறு பேர் நாம்தான். துணை நடிகருக்காவது பேட்டாவும் சாப்பாட்டுப் பொட்டலமும் கிடைக்கும்.

அடுத்தது காசு வித்தை. ஒரு பிஸ்கட் பாக்கெட்டில்கூட எம்.ஆர்.பி. அச்சடிக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். கேமுக்குள் ரூபாய் என்ற வார்த்தையே கண்ணில் படாது. வைரம், காயின், கிரிஸ்டல் என்று ஏதாவது இருக்கும். துணிக்கடையில் சட்டை 400 டோக்கன், ஆனால் டோக்கன் 300, 980 என்ற கட்டுகளில்தான் கிடைக்கும் என்றால் அந்தக் கடைக்குப் போவீர்களா? கேமில் போகிறோம். மிச்சமாகும் 580 டோக்கன் "அடுத்து என்ன வாங்கலாம்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். விலையை மறைக்காமல் செய்யவே முடியாத வியாபாரம் இது.

ஹாஸ்டலில் என் அறைத்தோழனின் தம்பி எட்டாவது படிக்கிறான். அவன் அப்பாவுக்குத் தையல் கடை. அவருடைய போனில் 80 ரூபாய், 160 ரூபாய் என்று சின்னச் சின்னதாக யு.பி.ஐ.யில் போய், மூன்று மாதத்தில் 11 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. எந்த கேம் என்பது முக்கியமில்லை. "என்னடா வாங்கினே?" என்று அவர் கேட்டபோது காட்டுவதற்கு அவனிடம் ஒரு பொருளும் இல்லை என்பதுதான் முக்கியம். 80 ரூபாயாகக் கேட்டதால்தான் போனது. முதல் நாளே 11 ஆயிரம் என்று விலை சொல்லியிருந்தால் அந்தப் பையனே போனைக் கீழே வைத்திருப்பான்.

சின்னப் பையன் கதை என்று ஒதுக்க வேண்டாம். ஃபோர்ட்நைட் நடத்தும் எபிக் நிறுவனம் 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.சி. ஆணையத்தோடு செய்த சமரசத்தில் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 24.5 கோடி, குழப்பமான பட்டன்களால் தெரியாமல் வாங்க வைக்கப்பட்டவர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய தொகை. மிச்சம் குழந்தைகளின் தகவல்களைச் சேகரித்ததற்கான அபராதம். உலகின் மிகப் பிரபலமான ஓசி கேம்களில் ஒன்று அது.

3. லூட் பாக்ஸ் என்பது சுரண்டல் லாட்டரி

நம் அப்பாக்களுக்கு இது நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டில் லாட்டரியை 2003 ஜனவரியில் தடை செய்தார்கள். கூலி வாங்கிய கையோடு சீட்டு வாங்கி, காசால் சுரண்டி, கீழே போட்டுவிட்டுப் போன காலம் அதோடு முடிந்தது என்று நினைத்தோம். இப்போது சுரண்ட காசு வேண்டாம், கட்டைவிரல் போதும்.

எண்களோடு பேசலாம். கென்ஷின் இம்பாக்ட் கேமில் ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் கிடைக்க ஒரு முயற்சிக்கு அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். அந்த வாய்ப்பு மட்டும்தான் என்றால், 90 முறை முயன்றாலும் நூற்றுக்கு 58 பேர் வெறுங்கையோடு போவார்கள். அதனால் 90ஆவது முறைக்குள் நிச்சயம் ஒன்று தருவோம் என்று கம்பெனியே கருணை காட்டுகிறது. ஆனால் நீங்கள் ஆசைப்பட்ட கதாபாத்திரம்தான் வரும் என்று இல்லை. வேறு ஏதாவது வந்தால் திரும்ப முதலிலிருந்து. அந்த அடுத்த சுற்றில்தான் உறுதி. கருணைக்கே இப்படி தவணை!

"ஸ்கின்னும் கதாபாத்திரமும்தானே, இது சூதாட்டமா?" என்று கேட்பவர்களுக்கு: பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் ஃபிஃபா 18, ஓவர்வாட்ச், கவுண்டர் ஸ்ட்ரைக் ஆகியவற்றின் பெட்டிகளை ஆராய்ந்து, சூதாட்டம்தான் என்று சொன்னது. சீனா 2017 முதல் வாய்ப்பு விகிதத்தை வெளியிடச் சொன்னது. கென்ஷினை விற்கும் நிறுவனம் 2025 ஜனவரியில் எஃப்.டி.சி.க்கு 2 கோடி டாலர் கட்டவும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் 16 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்குப் பெட்டி விற்காமல் இருக்கவும் ஒப்புக்கொண்டது.

இங்கே என்ன நடக்கிறது? 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் ஆன்லைன் கேமிங் சட்டத்தை நிறைவேற்றியது. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களுக்குத் தடை. ரம்மி விளம்பரங்கள் ஒழிந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் லூட் பாக்ஸைப் பெயர் சொல்லிப் பிடிக்கும் வரி அந்தச் சட்டத்தில் இல்லை. வேடிக்கையைப் பாருங்கள். ரம்மியில் தப்பித் தவறியாவது பணம் திரும்ப வரும். இதில் கட்டிய பணம் திரும்ப வர வழியே கிடையாது. அதனாலேயே இது "வெறும் விளையாட்டு" ஆகிவிடுகிறது!

4. கேமைக் கிலோ கணக்கில் வாங்காதீர்கள்

"70 டாலர் வாங்குறான், 15 மணி நேரத்துல முடிஞ்சிடுது" என்பது அடுத்த புலம்பல். போர்ட்டல் (2007) மூன்று, நான்கு மணி நேரத்தில் முடியும். ஜர்னி (2012) இரண்டு மணி நேரம். இரண்டையும் ஆடியவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மணிக்கு இவ்வளவு என்று நாம் எடை போட ஆரம்பித்ததும், அவர்கள் தண்ணீர் கலக்க ஆரம்பித்தார்கள். அங்கே போய் பத்து பூ பறித்து வா, இங்கே போய் இருபது ஓநாய் அடித்து வா. மெகா சீரியல் பார்க்கும் அத்தைகளைக் கிண்டல் செய்ய நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? முடிவே இல்லாத கேம்தான் ஓசிக்காரனுக்கும் வேண்டும். முடிந்துவிட்டால் கடைக்கு ஆள் வராதே.

சரி, எதிர்க்கேள்விகள்

"டேய், இந்தியாவில் அது 4,999 ரூபாய்டா!" தெரியும். நம்மில் பலருக்கு அது ஒரு மாத மெஸ் பில். நான் கடன் வாங்கி அதை வாங்கச் சொல்லவில்லை. வெளியான அன்றே ஆட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இரண்டு வருடம் பொறுத்தால் பாதி விலைக்கு வரும். ஒருவரே உருவாக்கிய ஸ்டார்டியூ வேலி (2016) 15 டாலர். மூன்று, நான்கு பேர் சேர்ந்து செய்த ஹாலோ நைட் (2017) 15 டாலர். ஒரு தடவை காசு கொடுத்தால் அதோடு கதை முடிந்தது, உள்ளே கடை கிடையாது. நாட்டுக்கு நாடு வருமானத்தைப் பார்த்து விலையை மாற்றி வைக்கலாம், அதைத் தாராளமாகக் கேளுங்கள். இதெல்லாம் நேர்மையான வியாபாரத்துக்குள் நடக்கும் பேரம்.

"விலையையும் ஏத்திட்டு பெட்டியும் விற்பானே?" இதுதான் நல்ல கேள்வி. விற்கத்தான் செய்கிறார்கள். 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2 கேமை 60 டாலருக்கு விற்றுவிட்டு, உள்ளே பெட்டியும் வைத்தது ஈ.ஏ. நிறுவனம். ஆடுகிறவர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ரெட்டிட்டில் ஈ.ஏ. எழுதிய சமாதானப் பதில், அந்தத் தளத்தின் வரலாற்றிலேயே அதிக எதிர் ஓட்டு வாங்கியது. வெளியீட்டுக்கு முந்தைய நாள் கடையை மூடினார்கள். அதாவது கூட்டமாகக் கத்தினால் வேலை நடக்கிறது. என் வருத்தம், நாம் தப்பான இடத்தில் கத்துகிறோம் என்பதுதான். முழு விலை வாங்கினால் உள்ளே கடை இருக்கக்கூடாது. இதற்குக் கத்துங்கள், நானும் வருகிறேன்.

"காசு கொடுத்து வாங்கினாலும் நமக்குச் சொந்தமில்லையே?" அதுவும் சரி. 2014இல் வந்த தி க்ரூ கேமை யூபிசாஃப்ட் 2024 மார்ச்சில் சர்வரோடு மூடியது. காசு கொடுத்தவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதை எதிர்த்து ஐரோப்பாவில் தொடங்கிய மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. கவனியுங்கள், அவர்களால் கேட்க முடிகிறது. ரசீது கையில் இருப்பவனுக்குத்தான் "நான் வாங்கிய பொருள் எங்கே" என்று கேட்க வாய் வரும். ஓசியில் ஆடுகிறவன் எதைக் காட்டிக் கேட்பான்?

ஆகவே மகாஜனங்களே, 80 டாலர் என்றால் 80 என்று முகத்துக்கு நேரே சொல்கிறானே, அவன் பரவாயில்லை. பிடித்தால் வாங்கலாம், பிடிக்காவிட்டால் நடையைக் கட்டலாம். கடைசி வரை விலையே சொல்லாமல் 80 ரூபாய், 80 ரூபாயாக உருவுகிறவன்மீது கோபப்படுங்கள். நம்பிக்கை இல்லை என்றால் இன்று இரவு உங்கள் யு.பி.ஐ. ஹிஸ்டரியைத் திறந்து, கேமுக்குப் போனதை மட்டும் கூட்டிப் பாருங்கள். தம்பி தங்கை கையில் கொடுக்கும் போனிலும் பாருங்கள்.

கூட்டிப் பார்த்த பிறகும் என்னைத் திட்டத் தோன்றினால், அந்தத் தொகையைச் சொல்லிவிட்டுத் திட்டவும்.